சுடுமண்ணில் கிடந்த கோலம்: பொல்சேனாவின் புனித கிறிஸ்தினா கல்லறைச் சிற்பம்

இத்தாலியின் லாட்சியோ மாநிலத்தில், எரிமலைப் பகுதி உள்வாங்கித் தாழ்ந்த பள்ளத்தில் நீர் நிரம்பி உருவான பெரிய ஏரி ஒன்று உண்டு. அதன் கரையில் பொல்சேனா என்ற சிற்றூர் அமைந்திருக்கிறது. ஊரின் பெருங்கோவில், கிறிஸ்தவ நம்பிக்கைக்காக உயிர்கொடுத்த மறைசாட்சியான புனித கிறிஸ்தினாவின் பெயரைத் தாங்கியது. கோவிலின் பெரும்பகுதி வழக்கமான கற்கட்டடம்தான். ஆனால் அதை ஒட்டி, எரிமலைச் சாம்பல் இறுகி உண்டான மென்பாறையைக் குடைந்து அமைத்த இன்னொரு பகுதி இருக்கிறது. ஒளி குறைந்த அந்தக் குடைவுக்குள், புனிதரின் கல்லறை என்று போற்றப்படும் இடத்தில், ஓர் இளம்பெண்ணின் உருவம் மல்லாந்து படுத்திருக்கிறது. அது பளிங்கும் அன்று, மரமும் அன்று, சுட்ட களிமண். பிளாரன்ஸ் நகரச் சிற்பி பெனெதெத்தோ புல்யோனியின் கைவேலை என்று கலை வரலாற்று அறிஞர்கள் இதைக் கருதுகிறார்கள்.

இத்தகைய சிற்பத்தை முதன்முறையாகப் பார்ப்பவருக்கு இயல்பாகவே சில ஐயங்கள் எழும். இது சவப்பெட்டியின் மூடியா, இறந்தவரின் உருவப்படமா, அல்லது வழிபாட்டுச் சிலையா? கொலையுண்ட ஒருவரை ஏன் உறங்குபவர் போலக் காட்ட வேண்டும்? பளிங்குக்குப் பெயர்போன நாட்டில் ஏன் மண்ணைத் தேர்ந்தார்கள்? இவற்றுக்கு விடை கண்டுவிட்டால், மறுமலர்ச்சிக் காலத்துக் கல்லறைச் சிற்பம் என்ற வகையையே ஓரளவு புரிந்துகொண்டதாகிவிடும்.

முதலில் படுத்திருக்கும் நிலையைப் பார்ப்போம். தெய்வ உருவங்களை நின்ற கோலம், இருந்த கோலம், கிடந்த கோலம் என்று பிரித்துப் பேசுவது நமக்குப் பழக்கம். ஐரோப்பியக் கல்லறைச் சிற்பத்திலும் கிடந்த கோலமே தலையாய வடிவம்; ஆனால் அங்கே கிடப்பது அறிதுயில் கொள்ளும் கடவுள் அல்லர், இறந்துபோன மனிதர். அரசர்களும் திருச்சபையின் ஆயர்களும் செல்வர்களும் தங்கள் கல்லறைமேல் தங்கள் உருவத்தைப் படுத்த நிலையில் செதுக்கி வைக்கும் வழக்கம் இடைக்காலத்தில் வேரூன்றி, 15ஆம் நூற்றாண்டு இத்தாலியில் மிக நுட்பமான கலையாக வளர்ந்தது. லூக்கா நகரப் பேராலயத்தில் யாக்கோப்போ தெல்லா குவெர்ச்சா பளிங்கில் வடித்த இலாரியா தெல் கரெத்தோ என்ற இளம்பெண், காலடியில் நாயோடு கண்மூடிக் கிடப்பதைப் பார்த்தவர்கள் அதை எளிதில் மறப்பதில்லை.

ஆயினும் இலாரியாவின் கல்லறைக்கும் கிறிஸ்தினாவின் கல்லறைக்கும் அடிப்படையிலேயே ஒரு வேறுபாடு உண்டு. தொடக்கநிலை வாசகர் மனத்தில் வாங்கிக்கொள்ள வேண்டிய முதன்மையான செய்தியும் அதுதான். சாதாரண மனிதரின் கல்லறை நினைவுக்காக எழுப்பப்படுவது. அங்கே வருபவர் இறந்தவரை நினைத்து, அவருடைய ஆன்மா இளைப்பாற வேண்டும் என்று மன்றாடுகிறார். புனிதரின் கல்லறையில் இந்தத் திசை தலைகீழாகிறது. புனிதர் ஏற்கெனவே விண்ணகம் சேர்ந்துவிட்டார் என்பது நம்பிக்கை. ஆகவே அவருக்காக யாரும் மன்றாட வேண்டியதில்லை, வந்தவருக்காக அவர் கடவுளிடம் மன்றாடுவார். எனவே அந்த இடம் நினைவுச் சின்னமாக இருப்பதைவிட, ஒருவரை நேரில் போய்க் காணும் சந்நிதியைப் போன்றது. அங்குள்ள சிற்பம் ‘இவர் ஒருகாலத்தில் வாழ்ந்தார்’ என்பதைவிட ‘இவர் இங்கே இருக்கிறார்’ என்பதையே அழுத்திச் சொல்கிறது.

இந்த நம்பிக்கைக்கு நெடிய வரலாறு உண்டு. உரோமைப் பேரரசு கிறிஸ்தவர்களைத் துன்புறுத்திய காலத்தில், தம் நம்பிக்கையைக் கைவிட மறுத்து உயிர்கொடுத்தவர்களை மறைசாட்சிகள் என்கிறோம்; பழைய நூல்களில் வேதசாட்சி என்று இருக்கும். அவர்கள் இறந்த நாளையே விண்ணகத்தில் பிறந்த நாளாகக் கொண்டாடினார்கள். அவர்கள் புதைக்கப்பட்ட இடத்தின் மீது பீடம் எழுப்பி, அப்பமும் இரசமும் ஒப்புக்கொடுக்கும் வழிபாடான திருப்பலியை நிறைவேற்றினார்கள். கொல்லப்பட்டவர்களின் ஆன்மாக்கள் பீடத்தின் அடியில் இருப்பதாகத் விவிலியத்தின் திருவெளிப்பாட்டு நூலின் ஆறாம் அதிகாரம் கூறுவதை இதனோடு சேர்த்து எண்ணலாம். கல்லறைத் தோட்டத்தைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லுக்கே உறங்குமிடம் என்பதுதான் பொருள். மறைசாட்சியை உறங்குபவராகக் காட்டுவது சிற்பியின் சொந்தக் கற்பனை என்று நினைத்துவிடக் கூடாது. உயிர்த்தெழும் நாள்வரை அவர் துயில்கிறார் என்ற பழைய நம்பிக்கையே அங்கே உருவம் பெறுகிறது.

மறைசாட்சியின் அருகில் தாமும் புதைக்கப்பட வேண்டும் என்ற ஆசையும் அக்கால மக்களிடம் மிகுந்திருந்தது. அதனால் புனிதரின் கல்லறையைச் சுற்றி மற்றவர்களின் புதைகுழிகள் வரிசை வரிசையாகப் பெருகின. பொல்சேனாவில் பாறைச் சுவர்களில் அடுக்கடுக்காகக் குடையப்பட்ட மாடங்களோடு கூடிய நிலத்தடிக் கல்லறைச் சுரங்கம் இப்படி வளர்ந்ததுதான். 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அங்கே நடந்த அகழாய்வில், கல்பேழை ஒன்றும் அதனுள்ளே கிறிஸ்தினாவின் பெயர் பொறித்த சிறிய பேழை ஒன்றும் வெளிப்பட்டன.

கிறிஸ்தினாவின் கதையைச் சுருக்கமாகவேனும் அறிந்துகொள்ள வேண்டும், ஏனெனில் சிற்பத்தைப் பார்க்க வந்த எவரும் அக்கதையை மனத்தில் சுமந்தே வந்தார்கள். உர்பானுஸ் என்ற உரோமை அதிகாரியின் மகள் அவர். தந்தை அவரைப் பணிப்பெண்களோடு ஒரு கோபுரத்தில் அடைத்து வைத்தார். கிறிஸ்தவ நம்பிக்கையை ஏற்ற மகள், தந்தையின் பொன் வெள்ளி விக்கிரகங்களை உடைத்து ஏழைகளுக்குப் பங்கிட்டாள். கழுத்தில் கல்லைக் கட்டி ஏரியில் எறிந்தபோது, அந்தக் கல் மிதந்து அவளைக் கரைசேர்த்தது. சூளையில் இட்டும் நெருப்பு சுடவில்லை. பாம்புகளை ஏவியும் அவை தீண்டவில்லை. நாவை அறுத்த பின்னும் அவள் பேசினாள். இறுதியில் அம்புகளால் உயிர் பிரிந்தது. உரோமைப் பேரரசர் தியோக்கிளேசியன் ஆட்சியில், 4ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இது நடந்ததாக மரபு கூறுகிறது.

வரலாற்றாசிரியர்கள் இக்கதையை அப்படியே ஏற்பதில்லை. கிழக்கத்திய மரபில் இதே கதை பினீசியாவின் தீர் நகரத்தில் நடந்ததாக வருகிறது. சிசிலியின் பலெர்மோ நகரமும் கிறிஸ்தினாவைத் தன் பாதுகாவலர்களில் ஒருவராகக் கொண்டாடியது. 1969இல் திருச்சபை தன் பொது நாட்காட்டியைத் திருத்தியபோது, ஜூலை 24ஆம் நாளின் கிறிஸ்தினா விழா அதிலிருந்து நீக்கப்பட்டு, அந்தந்த ஊர்களின் விருப்பத்துக்கு விடப்பட்டது. ஆனால் அவர்மீதான பக்தி பழையது என்பதில் ஐயமில்லை: இரவென்னா நகரின் புதிய புனித அப்பொலினாரே கோவிலில், 6ஆம் நூற்றாண்டு மொசைக் ஓவியத்தில் வரிசையாக நடக்கும் கன்னியரிடையே அவரும் பெயரோடு இடம்பெற்றிருக்கிறார். ஒரே புனிதருக்குப் பல ஊர்கள் உரிமை கொண்டாடும்போது, கல்லறைமேல் ஓர் உருவத்தைப் படுக்க வைப்பதற்கு இன்னொரு பொருளும் சேர்ந்துவிடுகிறது. எலும்பு பேழைக்குள் மறைந்திருப்பது. அதைக் கண்ணால் கண்டவர் சிலரே. சிற்பமோ எல்லோருக்கும் தெரியும்படி, ‘எங்கள் கிறிஸ்தினா இதோ இங்கேதான் இருக்கிறாள்’ என்று ஊரின் சார்பில் பேசுகிறது. பக்தியோடு ஊர்ப்பெருமையும் அதில் கலந்திருக்கிறது என்று சொன்னால் மிகையாகாது.

ஒரு சிற்றூரின் கோவிலுக்குப் பிளாரன்ஸ் சிற்பி எப்படி வந்து சேர்ந்தார் என்பதற்கு விடை மெதிச்சி குடும்பம். பிளாரன்சை ஆட்டிவைத்த லொரென்சோ தெ மெதிச்சியின் மகன் ஜொவான்னி, சிறுவயதிலேயே கர்தினால் ஆக்கப்பட்டவர். 1513இல் பத்தாம் லியோ என்ற பெயரில் திருத்தந்தையாகப் போகிறவர். பொல்சேனா கோவிலுக்கு மறுமலர்ச்சிப் பாணியில் புதிய முகப்பு ஒன்றை அவர் எழுப்பச் செய்தார். 1490களின் முற்பகுதியில் நடந்த அந்த வேலையை ஏற்றவர்கள் பிரான்செஸ்கோ புல்யோனியும் பெனெதெத்தோ புல்யோனியும். முகப்பின் வாசல்களுக்கு மேலே உள்ள அரைவட்டங்களிலும் பெனெதெத்தோவின் மெருகிட்ட சுடுமண் புடைப்புச் சிற்பங்களே இருக்கின்றன. கிடந்த கோலச் சிற்பத்தை இந்தச் சூழலில் வைத்துப் பார்த்தால், அது தனியே வந்து விழுந்த பொருளாகத் தோன்றாது.

இனி மண்ணுக்கு வருவோம். டெரகோட்டா என்ற இத்தாலியச் சொல்லுக்கு வெந்த மண் என்று பொருள். சுடுமண் என்ற நம் சொல்லும் அதையேதான் சொல்கிறது. பளிங்குச் சிற்பி கல்லிலிருந்து வேண்டாததை நீக்கிக்கொண்டே போகிறார். தவறாக வெட்டியது வெட்டியதுதான். மண்சிற்பி கூட்டவும் குறைக்கவும் அழிக்கவும் மறுபடி வனையவும் முடியும். துணியின் மடிப்பு, இமையின் தடிப்பு, விரலின் தளர்ச்சி ஆகியவற்றை ஈர மண்ணில் விரல்நுனியாலும் மரக்கருவியாலும் அழுத்தி எடுக்கும்போது கிடைக்கும் மென்மையைக் கல்லில் கொண்டுவர மிகுந்த உழைப்பு வேண்டும்.

ஆனால் ஆளுயர உருவத்தை மண்ணில் செய்வது எளிது என்று எண்ண வேண்டாம். களிமண் காயும்போதும் வேகும்போதும் சுருங்கும். ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு அளவு குறைவது சாதாரணம். தடித்த பகுதி ஒரு வேகத்திலும் மெல்லிய பகுதி வேறு வேகத்திலும் சுருங்கினால் வெடிப்பு உண்டாகும். உள்ளே ஈரம் தங்கியிருந்தால் சூளையில் அது நீராவியாகிச் சிற்பத்தையே உடைத்துவிடும். அதனால் சிற்பி முதலில் உருவத்தை வனைந்து, மண் பாதி காய்ந்த பதத்துக்கு வந்ததும் பின்புறத்தைக் குடைந்து, எங்கும் ஒரே அளவு தடிப்பு இருக்கும்படி செய்வார். பிறகு சூளைக்குள் அடங்கும் அளவுக்கு அதைத் துண்டுகளாக அறுப்பார். அறுத்த கோடு ஆடையின் மடிப்பிலோ இடைக்கச்சையிலோ மறையும்படி பார்த்துக்கொள்வதில்தான் கைத்திறன் தெரியும். பல நாள் நிழலில் உலர்த்திய பின், 900 பாகை செல்சியசைத் தாண்டிய வெப்பத்தில் சுட்டு, துண்டுகளைக் கொண்டுபோய் உரிய இடத்தில் ஒன்றுசேர்த்துப் பொருத்துவார்கள். அருங்காட்சியகத்தில் பெரிய சுடுமண் உருவம் ஒன்றைப் பார்க்க நேர்ந்தால், அழகை ரசித்து முடித்த பிறகு இந்தப் பொருத்துகளைத் தேடிப் பார்ப்பதை நான் பரிந்துரைப்பேன். சிற்பி எப்படிச் சிந்தித்தார் என்பதை அவை காட்டிக்கொடுக்கும்.

துண்டுகளாகச் சுடுவதில் இன்னொரு வசதியும் இருந்தது. பிளாரன்சில் உள்ள பட்டறையிலேயே வேலையை முடித்து, துண்டுகளை வைக்கோலில் பொதிந்து தொலைவிலுள்ள ஊர்களுக்கு அனுப்பலாம். பளிங்கை மலையிலிருந்து இறக்கி, இழுத்து, மாதக்கணக்கில் செதுக்கும் செலவோடு ஒப்பிட்டால் இது பெரிய சிக்கனம்.

சுட்ட மண்ணுக்கு ஒரு குறை உண்டு: அதன் நுண்துளைகள் ஈரத்தை உறிஞ்சும், மேலே தீட்டிய வண்ணம் நாளடைவில் உரியும். 15ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் இதற்கு விடை கண்டவர் பிளாரன்ஸ் சிற்பி லூக்கா தெல்லா ராபியா. மணல், ஈயம், வெள்ளீயம் ஆகியவற்றை உருக்கி அரைத்த கலவையைச் சுட்ட மண்ணின் மீது பூசி, மறுபடியும் சூளையில் இட்டால், அது கண்ணாடி போன்ற மெருகாக உருகி ஒட்டிக்கொள்ளும். குயவர்கள் கலங்களுக்கு ஏற்கெனவே பயன்படுத்திய நுட்பம்தான் இது. அதைப் பெரிய சிற்பங்களுக்கு ஏற்றபடி செப்பனிட்டதே லூக்காவின் சாதனை. வெள்ளீயம் மெருகை ஒளி ஊடுருவாத பால்வெண்மையாக்குகிறது; கோபால்ட்டு நீலத்தையும், செம்பு பச்சையையும், மாங்கனீசு கருஞ்சிவப்பு கலந்த ஊதாவையும், ஆன்டிமனி மஞ்சளையும் தருகின்றன. சுண்ணாம்புச் சத்து மிகுந்த வெளிர் களிமண்ணை அவர் பட்டறை தேர்ந்ததற்கும் காரணம் உண்டு: மண்ணும் மெருகும் ஏறத்தாழ ஒரே அளவில் விரிந்து சுருங்கினால்தான் மெருகு பிளந்து உதிராமல் நிற்கும்.

லூக்கா மண்ணுக்கு மாறிய காரணத்தை, கலைஞர்களின் வாழ்க்கை வரலாறுகளை எழுதிய ஜார்ஜோ வசாரி சுவையாகச் சொல்கிறார். பளிங்கிலும் வெண்கலத்திலும் வேலை செய்து முடித்த பின், செலவிட்ட காலத்தையும் கைக்கு வந்த பணத்தையும் கணக்குப் பார்த்தபோது மிச்சம் மிகக் குறைவு என்று தெரிந்ததாம். பெனெதெத்தோ புல்யோனியைப் பற்றியும் வசாரி ஒரு செய்தி தருகிறார்: லூக்காவின் உறவினரான அந்திரேயா தெல்லா ராபியாவின் வீட்டுப் பெண் ஒருவர் மூலமாகவே மெருகின் இரகசியம் அவருக்குக் கிடைத்தது என்கிறார். வசாரியின் கதைகளை எல்லாம் சாட்சியமாகக் கொள்ள முடியாது. எனினும் இந்த நுட்பம் ஒரு குடும்பத்தின் சொத்தாகப் பொத்திக் காக்கப்பட்டது என்பதையும், புல்யோனி பட்டறை அதற்குப் போட்டியாக எழுந்தது என்பதையும் இக்கதை நன்றாகவே உணர்த்துகிறது. பெனெதெத்தோவுக்குப் பின் அத்தொழிலைத் தொடர்ந்த சாந்தி புல்யோனி 1576இல் இறந்ததோடு அந்த மரபு ஏறக்குறைய முடிவுக்கு வந்தது.

மண்ணைத் தேர்ந்ததற்குச் சிக்கனம் மட்டுமே காரணம் என்று சொல்லிவிட்டு நிறுத்தினால் அது பாதி உண்மைதான். மண்சிற்பம் வண்ணத்தோடு வாழ்வது. வெண்பளிங்கு உருவம் எவ்வளவு நுட்பமாக இருந்தாலும் பார்ப்பவரிடமிருந்து சற்று விலகியே நிற்கும். நிறமேறிய மண்ணுருவமோ பக்கத்தில் கிடக்கும் உடல் என்ற உணர்வைத் தரும். பொலோஞ்ஞா நகரின் சாந்தா மரியா தெல்லா வீத்தா கோவிலில், இறந்த இயேசுவைச் சுற்றிக் கதறி அழும் உருவங்களை நிக்கோலோ தெல்லார்கா 15ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் சுடுமண்ணில் செய்ததும் இந்த நெருக்கத்துக்காகத்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. பக்தர் கையெட்டும் தொலைவில் நின்று, விளக்கொளியில் பார்க்கும் இடத்தில் இந்தப் பண்பு பெரிதும் பயன்படுகிறது. புனிதர் இங்கே இருக்கிறார் என்று சொல்ல வந்த சிற்பத்துக்கு, பளிங்கைவிட மண்ணே பொருத்தமானது.

எல்லா மறைசாட்சிகளின் கல்லறைகளும் இப்படி அமைந்தன என்று எண்ணிவிடக் கூடாது. மிலான் நகரில் 1339இல் முடிந்த புனித பேதுரு மறைசாட்சியின் பளிங்குப் பேழை தூண்களின்மேல் உயர்ந்து நிற்கிறது. அதன் பக்கங்களில் புனிதரின் வாழ்க்கை நிகழ்ச்சிகள் தொடர்ச்சியாகச் செதுக்கப்பட்டிருக்கின்றன. அந்த வகைச் சிற்பம் கதை சொல்கிறது. பார்ப்பவர் அதைச் சுற்றி நடந்து படிக்க வேண்டும். கிடந்த கோலம் கதை சொல்வதில்லை. கோபுரமும் சூளையும் பாம்பும் முடிந்துபோய், எஞ்சியிருக்கும் அமைதி மட்டுமே அங்கே காட்டப்படுகிறது. பொல்சேனாக் கோவில் முகப்பு எழுந்து ஒரு நூற்றாண்டுக்குப் பின், 1600இல், உரோமையில் ஸ்டெபானோ மாதெர்னோ பளிங்கில் வடித்த புனித செசிலியா பக்கவாட்டில் கிடக்கிறார். முகம் மறுபுறம் திரும்பியிருக்க, கழுத்தில் வெட்டுத் தழும்பு தெரிகிறது. மறைசாட்சியைக் கிடத்திக் காட்டும் எண்ணம் பின்வந்த காலத்தில் எங்கே போய்ச் சேர்ந்தது என்பதை அறிய இவ்விரண்டையும் அடுத்தடுத்துப் பார்ப்பது நல்ல பயிற்சி.

சிற்பத்தைப் பார்க்கும்போது முகச் சாயலை அளவுக்கு மீறி ஆராய வேண்டியதில்லை. இறந்து ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு மேலான ஒரு பெண்ணின் முகம் சிற்பிக்குத் தெரிந்திருக்க வழியில்லை. தம் காலத்து அழகின் இலக்கணப்படி ஓர் இளம்பெண்ணையே அவர் செய்தார். வயதைக் காட்ட வேண்டியிருந்தது, கன்னிமையைக் காட்ட வேண்டியிருந்தது, துயிலைக் காட்ட வேண்டியிருந்தது. மற்ற இடங்களில் கிறிஸ்தினாவை அடையாளம் காண ஓவியர்கள் அம்பையோ, கழுத்துக் கல்லையோ, வெற்றியைக் குறிக்கும் குருத்தோலையையோ சேர்ப்பார்கள். சொந்தக் கல்லறையில் அத்தகைய அடையாளங்களின் தேவை குறைவு. இடமே அவர் யார் என்பதைச் சொல்லிவிடுகிறது.

அந்த இடத்தின் புகழில் கிறிஸ்தினாவோடு இன்னொரு நிகழ்ச்சிக்கும் பங்கு உண்டு. 1263இல், அப்பம் கிறிஸ்துவின் உடலாவது மெய்தானா என்ற ஐயத்தோடு பயணம் செய்த பொகீமிய நாட்டுக் குரு ஒருவர் இங்கே திருப்பலி நிறைவேற்றியபோது, அப்பத்திலிருந்து இரத்தம் கசிந்து பீடத்துணியில் படிந்தது என்பது மரபு. அந்தத் துணி இன்று அருகிலுள்ள ஒர்வியெத்தோ பேராலயத்தில் இருக்கிறது. திருத்தந்தை நான்காம் உர்பான் 1264இல் முழுத் திருச்சபைக்கும் ஏற்படுத்திய திருவிழாவைத்தான், தமிழ்க் கத்தோலிக்கர்கள் கிறிஸ்துவின் திருஉடல் திருஇரத்தப் பெருவிழாவாக இன்றும் கொண்டாடுகிறார்கள். வத்திக்கானில் ராபியேல் தீட்டிய சுவரோவியம் ஒன்றும் இந்தத் திருப்பலியைக் காட்டுகிறது. நிகழ்ச்சி நடந்ததாகச் சொல்லப்படும் பீடத்தில், ஏரியில் மிதந்து கிறிஸ்தினாவைக் காத்ததாக நம்பப்படும் கருங்கல், அவருடைய பாதச் சுவடுகள் என்று போற்றப்படும் பள்ளங்களோடு பதிக்கப்பட்டிருக்கிறது. ஆக, கல், எலும்பு, சுடுமண் உருவம் ஆகிய மூன்றும் ஒன்றையொன்று உறுதிப்படுத்திக்கொண்டு ஒரே கூரைக்குக் கீழ் இருக்கின்றன.

ஒவ்வோர் ஆண்டும் ஜூலை 23ஆம் நாள் மாலையிலும் மறுநாள் காலையிலும் பொல்சேனா மக்கள் ஊரின் சதுக்கங்களில் மேடையிட்டு, கிறிஸ்தினா பட்ட துன்பங்களை ஒவ்வொன்றாக நடித்துக் காட்டுகிறார்கள். திரை விலகியதும் நடிப்பவர்கள் அசையாமல் சிலைபோல் நிற்பதே அதன் வழக்கம். புனிதரின் திருவுருவம் மக்களோடு ஊர்வலமாக மேட்டிலுள்ள கோவிலுக்குப் போய்த் திரும்புகிறது. ஊர்வலத்தில் தோள்களில் ஏறிச் செல்வது வேறொரு சிலை. சுடுமண் கிறிஸ்தினா பாறைக் குடைவுக்குள், தன் கல்லறையிலேயே கிடக்கிறாள்.